எண்ணெயும் ஓர் எழுத்தும்



மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் மோட்டார் காருக்குரிய எண்ணெயைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் இது ஓர் எழுத்துக்குப் பொருள் பிசகிய கதை. ஆகையால் என் தொழிலுக்கு முற்றும் புறம்பானதன்று.

சில ஆண்டுகளுக்கு முன், தில்லியில் என் பெட்ரோல் காருக்கு எண்ணெய் மாற்ற வேண்டிய நாள் வந்தது. பட்டறையில் இருந்த டப்பாக்களில் ஒன்றின்மேல் 5டபிள்யூ-30 என்றும், மற்றொன்றின்மேல் 20டபிள்யூ-50 என்றும் அச்சிட்டிருந்தது. ‘டபிள்யூ’ என்பது எடையைக் குறிக்கிறது என்று நானே பொருள் கொண்டேன். எண் பெரிதானால் எண்ணெய் கனம். கனமானால் காப்பும் மிகுதி என்பது என் தர்க்கம். பட்டறைக்காரரும் அதை ஆமோதித்தார்.

ஜனவரி மாதத்தில், குளிர் 5 டிகிரிக்கு இறங்கிய ஒரு விடியற்காலை, மகளைத் தேர்வுக்கு அழைத்துச் செல்லப் புறப்பட்டேன். எஞ்சின் முனகிக்கொண்டே சுழன்றது. உயிர் பெற்ற பின்னும் எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் சிவப்பு விளக்கு உடனே அணையவில்லை. உள்ளிருந்து உலோகம் தட்டும் ஓசை வந்தது. வண்டியை நிறுத்திவிட்டு இருவரும் ஆட்டோ ரிக்ஷாவைத் தேடி ஓடினோம்.

அன்று மாலைதான், காருடன் வந்து பெட்டிக்குள் உறங்கிய கையேட்டைத் திறந்தேன். அதில் கண்டிருந்தது 5டபிள்யூ-30. ‘டபிள்யூ’ எடையன்று, குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து!

இரவில் எண்ணெய் வடிந்து எஞ்சினின் அடித்தட்டில் தங்கிவிடுகிறது. காலையில் பம்பு அதை மேலே ஏற்றும்வரை உலோகம் உலோகத்தோடு உராயும். முன்னெண் சிறிதாயின் எண்ணெய் குளிரிலும் விரைந்து ஓடும். பின்னெண், எஞ்சின் சூடேறி 100 டிகிரியை எட்டும்போது எண்ணெய்க்குள்ள பாகுத்தன்மையைக் குறிப்பது. இக்காலத்து எஞ்சின்களில் உறுப்புகளுக்கிடையே உள்ள சந்து மிக நுண்ணியது. அதற்கேற்ற எண்ணெயைவிடக் கெட்டியானதை ஊற்றினால் பெட்ரோல் செலவுதான் கூடும். மிக நீர்த்ததை ஊற்றினாலோ, தேய்மானத்தைத் தடுக்கும் படலம் மெலிந்துபோகும்.

டப்பாவில் காணவேண்டிய குறி மற்றொன்றும் உண்டு. ஏ.பி.ஐ. என்ற எழுத்துகளை அடுத்து ‘எஸ்’ என்று தொடங்கினால் அது பெட்ரோல் எஞ்சினுக்கானது. ‘சி’ என்று தொடங்கினால் டீசலுக்கானது. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளை ஒட்டிய டீசல் கார்களில் பொதுவாகப் புகைத்துகள் வடிகட்டி இருக்கும். சாம்பல் மிகுந்த எண்ணெய் அதை அடைத்துவிடும். ஆகவே சாம்பல் குறைந்த எண்ணெயே அவற்றுக்கு உகந்தது.

எண்ணெய் கறுத்துவிட்டது என்பதனாலேயே அது கெட்டுவிட்டதாகக் கொள்ளலாகாது. அழுக்கைத் தன்னுள் தாங்கி நிற்பது நல்ல எண்ணெயின் கடமை. குறித்த கிலோமீட்டர் ஓடாவிட்டாலும், கையேடு கூறும் கெடு முடிந்ததும் மாற்றிவிட வேண்டும். அலுவலகத்துக்கும் கடைத்தெருவுக்கும் மட்டுமே ஓடும் வண்டியில் எஞ்சின் முழுதும் சூடேறாமையால் எண்ணெயில் நீரும் பெட்ரோலும் கலந்துவிடும். சமதளத்தில் வண்டியை நிறுத்திச் சற்றுப் பொறுத்து, அளவுக்கம்பியை எடுத்துத் துடைத்து மீண்டும் செருகிப் பாருங்கள்; எண்ணெய் இரு கோடுகளுக்கும் இடையே நிற்க வேண்டும். கழிவெண்ணெயைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். அது நிலத்தையும் நீரையும் கெடுக்கும்.

உரிய எண்ணெயை மாற்றியதும் என் காரில் அந்த ஓசை நின்றது. மகளும் மணி அடிப்பதற்குள் தேர்வுக்கூடத்தை அடைந்துவிட்டாள். ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நாம் புதிய ஊரின் மொழியைக் கற்கிறோம். அதன் குளிரையும் வெயிலையும் பழகிக்கொள்கிறோம். நம்மைச் சுமந்து செல்லும் வண்டியின் மொழியையும் சிறிது கற்போம். அதற்குரிய அகராதி காரின் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. வாங்கிய அன்றே திறந்து படியுங்கள்.