கணினியில் ஒரு குட்டை பஸ்

கணினித் திரையில் பஸ் ஓட்டும் விளையாட்டுகளுள் 'ஓம்சி' என்பது பெயர்பெற்றது. ஜெர்மானியர் இருவர் ஆக்கிய அது 2011-ஆம் ஆண்டில் வெளிவந்தது. இரண்டாம் பதிப்பு 2013-இல் வந்தது. பெர்லின் நகரின் ஸ்பாண்டாவ் பகுதியில் மாடி பஸ் ஓட்டுவதே அதன் மூல ஆட்டம். எனினும் ஆடுவோர் தாமே புதிய பஸ்களை அமைத்துச் சேர்க்கலாம். அத்தகைய சேர்க்கையை 'மோட்' என்பர்.

முழுநீள பஸ்ஸைக் குட்டையாக்குவது இவற்றுள் எளிதென்று தோன்றும். மெர்சிடிஸ்-பென்ஸ் சிட்டாரோவின் வழக்கமான நீளம் 12 மீட்டர். ஒடுங்கிய தெருக்களுக்கேற்ற அதன் 'கே' வகை சுமார் 10.5 மீட்டர். புதிதாகக் கை வைப்பவர் உருவம் முழுவதையும் நீளவாக்கில் அமுக்கிவிடுவார். சக்கரங்கள் முட்டை வடிவாகும். வாசலில் குழந்தைகளே நுழையலாம். நீண்ட சட்டையைக் குட்டையாக்கத் தையற்காரர் அதை நீரில் ஊறப்போட்டுச் சுருக்குவதில்லை அல்லவா? தொழிற்சாலை செய்ததும் வெட்டித் தைத்ததே. முகமும் வாலும் அப்படியே இருக்க, இரண்டு அச்சுகளுக்கும் இடையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் எடுக்கப்பட்டது. திரையிலும் ஜன்னல் தூணின் ஓரமாக வெட்டி, கூரையையும் தரையையும் கைப்பிடிக் கம்பிகளையும் பொருத்துதல் வேண்டும்.

வெட்டப்படும் உருவம் பெரும்பாலும் பிறர் பல மாதம் உழைத்துச் செய்தது. அவர் இசைவின்றி அதை வெளியிடுவது தகாது. அவர் மறுத்தால், குட்டை பஸ் நம் கணினிக்குள்ளேயே ஓடட்டும்.

உருவம் அமைந்தபின்னரே உண்மை வேலை தொடங்குகிறது. அச்சுகளின் இடம், எடை, எடையின் மையம் ஆகியவை எண்களாக ஒரு கோப்பில் உள்ளன; பயணிகள் அமரும் இடங்களும் நடக்கும் வழிகளும் வேறு கோப்புகளில் உள்ளன. இவற்றைத் திருத்தாவிடில், நீக்கிய இருக்கையின் பயணி அந்தரத்தில் அமர்வார். மற்றொருவர் கண்ணாடியை ஊடுருவி இறங்குவார். இவை கண்ணுக்குத் தெரியும் பிழைகள். ஆதலின் விரைவில் திருந்திவிடும். கைக்கு மட்டுமே தெரியும் பிழைகளே நெடுநாள் தங்குபவை.

அச்சுகளின் இடைவெளி ஏறக்குறைய 5.9 மீட்டரிலிருந்து 4.4 மீட்டராகிறது. சக்கரத்தை அதே அளவு திருப்பினால், முன்பு சுற்றிய வட்டத்தில் முக்கால் பங்கிலேயே பஸ் சுற்றிவிடும். இயந்திரம் இருக்கும் வாலோ குறையவில்லை. நெம்புகோல்போல் அது பின் அச்சுக்கு அப்பால் அழுத்த, இடைவெளி குறைந்தமையால் முன் அச்சு முன்னினும் எளிதாக இலேசாகும்.

கோப்பைத் திருத்தியபின் குறுகிய தெருமுனை ஒன்றில் ஓட்டிப் பார்க்கலாம். நெடிய பஸ் எதிர்த்தடத்தைத் தொட்ட இடத்தில் இது தன் தடத்திலேயே திரும்பும். திரும்பத் தொடங்கும்போது வால் வெளிப்புறம் வீசி நடைபாதைக் கம்பத்தை உரசினால், கோப்பில் குறை தேட வேண்டா. மெய்யான குட்டை பஸ்ஸின் வாலும் அவ்வாறே வீசும்.