வேப்பிலை போன தூரம்



நான்கு சொற்களைச் சொல்கிறேன், காது கொடுத்துக் கேளுங்கள். வெபெலே. பாரோக்கா. தப்பூ. மலியெமேன். நீங்களும் ஒரு முறை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். வெபெலே என்றால் வேப்பிலை. பாரோக்கா என்றால் வீட்டில் பாவக்காய் என்கிறோமே, அதுதான். தப்பூ நம் ஊர்த் தப்பு. மலியெமேன் நம் மாரியம்மன்.

இந்தச் சொற்கள் இன்றும் புழங்குகிற இடம் கரீபியன் கடலில் இருக்கும் குவாதலூப் என்ற தீவு. இங்கே மாலை ஆறரை மணிக்கு நாம் விளக்கு ஏற்றும்போது அங்கே காலை ஒன்பது மணி. வரைபடத்தில் பார்த்தால் இறக்கை விரித்த பட்டாம்பூச்சி போல இருக்கும். மேற்கு இறக்கையில் காடும் மலையும். 1,467 மீட்டர் உயரத்தில் சூஃபிரியேர் எரிமலை. கிழக்கு இறக்கையில் கரும்பு வயல்கள். நடுவே ஒடுங்கிய கடற்கால்வாய். 1946 முதல் இது பிரான்சின் ஒரு மாவட்டம். கடையில் யூரோதான் செல்லும்.

ஒரு தீவுக்குப் போய்ச் சேர்வது வேறு, அங்கே குடியேறுவது வேறு. போய்ச் சேர ஒரு நாள் போதும். குடியேற எவ்வளவு காலம் வேண்டும்? இதற்கு விடை சொல்ல நம் மக்களே அங்கே இருக்கிறார்கள்.

1848இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்களின் வழிவந்தவர்கள் விடுதலை பெற்றதும் கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு மலிவான ஆள் தேவைப்பட்டது. அப்போது அவர்களுடைய பார்வை புதுச்சேரி மீதும் காரைக்கால் மீதும் விழுந்தது. மேஸ்திரிகள் ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்தார்கள். ஐந்து வருட ஒப்பந்தம், முடிந்ததும் திரும்பி வரலாம் என்பது பேச்சு. ஒரேலி என்ற கப்பல் 1853இல் பக்கத்துத் தீவான மர்த்தினிக்குக்கு முதல் கூட்டத்தைக் கொண்டுபோனது. அதே கப்பல் 1854 டிசம்பர் 24 அன்று, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், குவாதலூப்பின் புவாந்தபீத்ர் துறைமுகத்தில் முந்நூறுக்கும் மேற்பட்டவர்களை இறக்கியது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி ஏறத்தாழ மூன்று மாதம் பாய்மரத்தில் வந்தவர்கள் அவர்கள்.

1861இல் பிரிட்டனும் பிரான்சும் இந்த ஆள்சேர்ப்புக்காக உடன்படிக்கை செய்துகொண்டதும் வழி இன்னும் அகலமாயிற்று. கல்கத்தாவிலிருந்தும் கப்பல்கள் போயின. 1889 வரை குவாதலூப்புக்கு மட்டும் போனவர்கள் சுமார் 42,000 பேர். ஊர் திரும்பியவர்கள் பத்தாயிரத்துக்கும் குறைவு. நோயிலும் உழைப்பிலும் மாண்டவர்கள் ஏராளம். மிஞ்சியவர்கள் அந்த மண்ணுக்காரர்கள் ஆனார்கள்.

ஆனார்கள் என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டேன். அது அவ்வளவு லேசில் நடக்கவில்லை. தோட்டத்து வேலை விடிவதற்கு முன்னால் தொடங்கும். புதிதாக விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் நியாயமான சம்பளம் கேட்ட நேரத்தில்தான் இவர்கள் போய் இறங்கினார்கள். 'எங்கள் சம்பளத்தை அடித்துப் போட வந்தவர்கள்' என்று அவர்கள் நினைத்ததில் வியப்பில்லை. முதலாளிகளின் கணக்கும் அதுவாகத்தான் இருந்தது. வந்தவர்கள் மேல் ஒரு வசைச்சொல் விழுந்தது. 'கூலி'. நம் மொழியில் கூலி என்றால் பட்ட பாட்டுக்குக் கையில் வரும் காசு, மதிப்புள்ள சொல். அதே சொல் அங்கே மனிதன் மேல் எறியும் கல்லாயிற்று. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கிறது.

அந்தக் கல்லுக்கு அவர்கள் எப்படிப் பதில் சொன்னார்கள்? ஒரு பதில் அடுப்படியிலிருந்து வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே ஒரு சமையலறையை எட்டிப் பார்ப்போம். ஆட்டிறைச்சியை எலுமிச்சைச் சாறு விட்டுக் கழுவுகிறார்கள். பூண்டு தட்டிப் போடுகிறார்கள். மல்லி, சீரகம், கடுகு, வெந்தயம், மஞ்சள், மிளகு சேர்த்து அரைத்த பொடியைப் பிசிறி ஊற வைக்கிறார்கள். எண்ணெய் காய்ந்ததும் சட்டியில் போட்டால் எழும் வாசனைக்குக் காரைக்கால் தெருவில் போகிறவர் யாரும் நின்று திரும்பிப் பார்ப்பார். கத்தரிக்காய் விழுகிறது, புளிப்புக்கு மாங்காய் விழுகிறது. கூடவே நம் அடுப்படி அறியாத தைம் இலை. கடைசியாக அந்தத் தீவின் குண்டு மிளகாய் ஒன்று, முழுசாக, காம்போடு. அதைக் கரண்டி படாமல் குழம்பின் மேலே மிதக்க விடுகிறார்கள். உடைந்துவிட்டால் ஒருவரும் வாயில் வைக்க முடியாது; உடையாமல் வெந்தால் வாசம் மட்டும் இறங்கும். இந்தச் சமையலின் பெயர் கொலொம்போ. குழம்பு என்ற சொல்தான் அப்படி மருவியது என்பார்கள். கொழும்பு நகரத்தின் பெயர் என்பாரும் உண்டு. பெயர் எப்படி வந்தாலும், இன்று கறுப்பர், வெள்ளையர், இந்தியர் என்ற வேறுபாடு இல்லாமல் தீவு முழுக்க விருந்தாளிக்கு வைப்பது இந்தச் சட்டியைத்தான். வசை சொன்னவர் வீட்டு அடுப்பிலும் அது ஏறிவிட்டது.

துணியின் கதையோ மனிதர்களின் கதையை விடப் பழையது. சென்னைப் பக்கத்துக் கட்டம் போட்ட பருத்தித் துணி, நம் ஆட்கள் கப்பலேறுவதற்கு முன்பே வியாபாரிகள் கையில் அந்தத் தீவுகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அங்கே அதற்கு இன்றும் 'மதராஸ்' என்றே பெயர். அங்குள்ள கறுப்பினப் பெண்கள் அதைத் தலையில் கட்டித் தங்கள் பண்டிகை உடையாகவே ஆக்கிக்கொண்டார்கள். அன்று கரையில் இறங்கிய ஒரு தமிழ்ப் பெண், முன்பின் தெரியாத பெண்ணின் தலையில் தன் ஊர்க் கட்டத்தைப் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பாள்!

கோயிலும் அப்படித்தான் வளர்ந்தது. தோட்டத்து ஓரத்தில் தகரக் கூரை போட்ட சின்னச் சாமி கொட்டகையாகத் தொடங்கியது. இன்று காப்பெஸ்தேர் ஊரில், ஷாஞ்சி என்ற இடத்தில், நெடுஞ்சாலையிலிருந்தே தெரிகிற மாதிரி வண்ணச் சிலைகளோடு நிற்கிறது மாரியம்மன் கோயில். மதுரை வீரனுக்கும் அந்த மண்ணில் பூசை உண்டு. கிடா வெட்டி, தப்பு அடித்து, வாழை இலையில் சோறு போடுகிறார்கள். அந்தப் பந்தியில் ஊரே உட்காரும்.

ஆனால் சோறும் சாமியும் இருந்தால் குடியேறியதாகிவிடுமா? சட்டம் ஒப்புக்கொள்ள வேண்டாமா? அங்கேயே பிறந்து வளர்ந்த இந்தியப் பிள்ளைகளையும் அந்நியர் என்று ஒதுக்கி வைத்திருந்தது அரசாங்கம். இதை எதிர்த்து நின்றவர் ஆன்ரி சிதம்பரம். 1863இல் காப்பெஸ்தேரில், இந்தியாவிலிருந்து போன குடும்பத்தில் பிறந்தவர். 1904இல் இந்திய வம்சாவளியினரை வாக்காளர் பட்டியலில் சேர்க்க முனைந்தார். அதிகாரம் மறுத்தது. அவர் வழக்குக்குப் போனார். ஒரு வருடம், இரண்டு வருடம் இல்லை. பத்தொன்பது வருடம் விடாமல் நின்றார். 1923இல்தான் அவர்களும் பிரெஞ்சுக் குடிமக்கள் என்று ஏற்கப்பட்டது. முதல் கப்பல் கரை தொட்டதிலிருந்து கணக்குப் போடுங்கள், அறுபத்தொன்பது வருடம்! அதன் பிறகு 1981இல் எர்னெஸ்ட் முத்துசாமி என்பவர் அந்தத் தீவின் உறுப்பினராகப் பாரிஸ் நாடாளுமன்றத்தில் போய் உட்கார்ந்தார். ஒரு காலத்தில் தோட்டத்துக் கணக்கேட்டில் கூலியின் பெயராக எழுதப்பட்டவை இந்த முத்துசாமியும் சிதம்பரமும்.

இன்றைக்குப் போகிறவருக்குப் பயணம் எளிது. பாரிஸில் விமானம் மாறினால் எட்டு, ஒன்பது மணி நேரத்தில் புவாந்தபீத்ர். ஆனால் தீவு கற்றுக்கொடுக்கும் பாடங்கள் மாறவில்லை. கடைக்குள் நுழைந்தால் முதலில் 'போன்ஷூர்' என்று வணக்கம் சொல்ல வேண்டும். சொல்லாமல் சாமான் கேட்டால் முகம் கொடுக்க மாட்டார்கள். மழை வந்தால் மரத்தடியில் ஒதுங்குவது நம் பழக்கம். அங்கே கடற்கரையில் மன்சினியே என்றொரு மரம் உண்டு. அதன் பால் தோலைப் புண்ணாக்கும், அதிலிருந்து சொட்டும் மழைத் தண்ணீர் கூடக் கொப்புளம் கிளப்பும். ஊரார் பல இடங்களில் அதன் அடிமரத்தில் சிவப்புப் பட்டை தீட்டி வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டையின் பொருளைச் சொல்லித்தர உள்ளூர்க்காரர் ஒருவர் வேண்டும். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். 1928இல் அடித்த புயலில் அந்தத் தீவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ஆகவே ஜன்னலுக்கு அடைப்பும் குடிதண்ணீரும் முன்கூட்டியே தயார் செய்து வைப்பது அங்கே வீட்டு வழக்கம்.

இன்னொரு காயமும் உண்டு. வாழைத் தோட்டங்களில் 1972 முதல் 1993 வரை அடித்த குளோர்டெக்கோன் என்ற பூச்சிமருந்து இன்னும் மண்ணை விட்டுப் போகவில்லை. பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ரத்தத்தில் அதன் சுவடு இருக்கிறது. கொல்லையில் கிழங்கு நடுவதற்கு முன் மண்ணைச் சோதித்துப் பார்க்க வேண்டிய நிலை. குடியேறுகிறவர் கடலின் நீலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இதை விட்டுவிட முடியாது. ஊரின் வலி நம் வலியாகும்போதுதான் அது நம் ஊர்.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு என் விடை இதுதான். ஒரு தீவு தன் சட்டியில் நம் பொடியைச் சேர்க்கவும், நாம் நம் சட்டியில் அதன் மிளகாயைச் சேர்க்கவும் எவ்வளவு காலம் ஆகுமோ, அவ்வளவு காலம் வேண்டும். கொடுக்காமல் வாங்கியவர் யாரும் எங்கும் குடியேறியதில்லை.

அங்கே நவம்பர் முதல் தேதி கல்லறைத் தோட்டங்கள் எல்லாம் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மின்னும். அந்த நாட்களில் இந்திய வம்சாவளிக் குடும்பத்தினர் இறந்தவர்களுக்குப் படையல் வைப்பார்கள். அதற்கு அவர்கள் இட்டிருக்கும் பெயர் சாம்பிளானி. நம் சாம்பிராணிதான். படையல் வைக்கிற பாட்டிக்குத் தமிழ் தெரியாது. பேசுவது கிரியோல், எழுதுவது பிரெஞ்சு. சாம்பிளானி என்பதும் வெபெலே என்பதும் அவருக்குத் தமிழ்ச் சொற்கள் இல்லை. அம்மா சொன்ன சொற்கள். காகிதம் எதுவும் காப்பாற்றாததை, நூற்றெழுபது வருடமாக, அம்மாவும் மகளுமாக வாயிலேயே வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். இன்று இரவு உங்கள் வீட்டு வாசலில் வேப்பமரம் அசைந்தால், அந்தப் பாட்டியை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.