எங்காத்துக் கோடை
(தில்லியில் நடந்த மகளிர் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



கோடை விடுமுறையைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். "எந்தக் கோடை?" என்று கேட்டேன். "உங்களுக்கு மறக்காத கோடை" என்றார்கள். அப்படியானால் 2024 தான்.

அந்த வருஷம் ஏப்ரலில் பெங்களூரிலிருந்து பிள்ளையும் மாட்டுப்பெண்ணும் இரண்டு பேத்திகளும் வந்தார்கள். மே மாதம் காலியாகத்தானே இருக்கிறது என்று மதுரையிலிருந்து மைத்துனர் குடும்பம் வந்து, ஹரித்வார், ரிஷிகேஷ் பார்த்துவிட்டுத் திரும்பியது. ஜூனில் அமெரிக்காவிலிருந்து பெண், மாப்பிள்ளை, பேரன். மூன்று மாதத்தில் காபி டிகாக்ஷன் இறக்கிய கணக்கை நான் வைத்துக்கொள்ளவில்லை.

எங்களுக்குக் கீழ்த்தளத்து ஃபிளாட். பின்பக்கம் கொஞ்சம் மண் இருக்கிறது. தில்லியில் தோட்டம் போட்டவர்களுக்குத் தெரியும், மார்கழியில் வைத்த தக்காளி ஏப்ரலில் ஒரே சமயத்தில் பழுத்துக் கொட்டும். வெயில் ஏறினால் பூ உதிர்ந்துவிடும், அதோடு செடி தீர்ந்தது. தெருவெல்லாம் கொடுத்தும் மிச்சம் இருந்தது. அதை பாட்டிலில் அடைத்தேன். பெண் முன்பு கொண்டுவந்த பாட்டில்களும், அமெரிக்க விவசாயத் துறையின் கையேடும் இருந்தன. தக்காளி நாக்குக்குத்தான் புளிப்பு, பாட்டிலுக்கு அந்தப் புளிப்பு போதாது என்று அதில் போட்டிருந்தது. ஒரு லிட்டர் பாட்டிலுக்கு அரை டீஸ்பூன் சிட்ரிக் ஆசிட் சேர்த்து, சூடாக நிரப்பி மூடி, பாட்டில் முழுகும் அளவு கொதிக்கும் தண்ணீரில் முக்கால் மணி நேரம் வைத்தேன். ஆறு பாட்டில் தேறியது. ரசத்துக்கு அமிர்தமாக இருந்தது.

கையேட்டை அனுப்பிய என் பெண் அதைப் படித்ததே இல்லை என்பது ஜூனில் தெரிந்தது. பின்பக்கத்தில் கொத்தவரங்காயும் காராமணிக்காயும் காய்த்துத் தள்ளிக்கொண்டிருந்தன. "அம்மா, இதையும் தக்காளி மாதிரியே போட்டுடலாம். குளிர்காலத்துக்கு ஆகும்" என்றாள். அரைக் கூடை நறுக்கியும் வைத்துவிட்டாள். நான் கூடாது என்றேன். அவளுக்குக் கோபம். வந்து பத்து நாள் அம்மாவுக்கு ஒத்தாசை செய்ய நினைத்தால் அதையும் தடுக்கிறாளே என்று.

காரணத்தை உங்களுக்கும் சொல்கிறேன். மண்ணில் ஒரு கிருமி உண்டு, பாட்டுலினம் என்று பெயர். அதன் விதை போன்ற உறை கொதிக்கும் தண்ணீரிலும் சாகாது. காற்றில்லாத, புளிப்பில்லாத இடம் கிடைத்தால் வளர்ந்து விஷத்தை உண்டாக்கும். மூடி உப்பாமலும் இருக்கலாம், வாசனையும் மாறாமல் இருக்கலாம், ஆனால் ஆளைக் கொன்றுவிடும். புளிப்பைக் குறிக்கும் பி.ஹெச். அளவு 4.6-க்குக் கீழே இருந்தால் அது வளராது. அதனால்தான் மாங்காய்த் தொக்கும் எலுமிச்சங்காயும் பிழைக்கின்றன. காய்கறிக்கு அழுத்தத்தில் 116 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், அதுவும் சோதித்துச் சொன்ன நேரப்படி. நம் சாம்பார் குக்கரில் நாலு விசில் விட்டால் அது ஆகாது.

நம் பாட்டிகள் இந்தக் கிருமியின் பெயரைக் கேட்டதில்லை. ஆனாலும் வெறும் தண்ணீரில் காயைப் போட்டு அடைத்து வைத்ததில்லை. உப்பு, புளிப்பு, வெயில் இவற்றில் ஏதாவது ஒன்றையாவது காவல் வைத்தார்கள். பெண்ணை உட்கார வைத்துக் கையேட்டின் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். நறுக்கின காய் வற்றல் ஆயிற்று. உப்புத் தண்ணீரில் ஒரு கொதி விட்டு, வடித்து, மாடியில் உலர்த்தினோம். தில்லி வெயில் பெரிய வரம். சென்னையில் மூன்று நாள் ஆவது இங்கே ஒன்றரை நாளில் காய்ந்துவிடும். காக்காயை விடப் புறாவும் குரங்கும்தான் தொல்லை. பேரன் குடை பிடித்துக்கொண்டு காவல் இருந்தான். ஜூன் 26 அன்று டப்பாவில் போட்டு மூடினோம். 28 விடியற்காலை கொட்டிய மழை ஞாபகம் இருக்குமே, சப்தர்ஜங்கில் ஒரே நாளில் 228 மில்லிமீட்டர். எங்கள் பின்பக்கத் தோட்டம் குளமாகிவிட்டது. வற்றல் தப்பித்தது.

நான் ஏதோ எல்லாம் தெரிந்தவள் என்று நினைத்துவிடாதீர்கள். 2019-இல் எங்காத்துக்காரருக்கு ரத்த அழுத்தம் என்று டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். நான் மாவடு ஜாடியில் குறைத்தேன். 3 கிலோ வடுவுக்கு வழக்கமாக 400 கிராம் கல்லுப்பு போடுகிறவள், 200 போட்டேன். விளக்கெண்ணெய் தடவினேன், மஞ்சள்பொடி, கடுகுப்பொடி, மிளகாய்ப்பொடி எல்லாம் சரி, தினமும் குலுக்கியும் விட்டேன். வடு சரியாகச் சுருங்கவில்லை, நீர் விட்டு மேலே ஏறவில்லை. நீருக்கு மேல் நின்ற வடுவெல்லாம் பதினைந்து நாளில் பூசணம் பூத்துவிட்டது. மாமியார் கொடுத்த ஜாடி அது. மொத்தத்தையும் கொட்டிய அன்று நான் சாப்பிடவில்லை.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு என்கிறது. என் கணக்கில் ஒரு சின்ன வடுவிலேயே ஏறத்தாழ ஒரு கிராம் இருக்கும். இப்போது ஜாடியில் பழைய அளவுதான் போடுகிறேன். மாமாவுக்கு மோர் சாதத்துக்கு அரை வடு. மீதி அரையைப் பேத்தி கடித்துக்கொள்வாள். அவள் ஊருக்குப் போன பிறகு அந்த அரை வடு தட்டின் ஓரத்திலேயே இருக்கும், மாமா தொடமாட்டார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வடாம் கூழ் கிளற விடியற்காலை 4 மணிக்கு எழுந்து, மாடி ஏறி இறங்கி, பிறகு பத்துப் பேருக்குச் சமையல். அந்த மே மாதக் கடைசியில் சப்தர்ஜங்கில் வெயில் 46 டிகிரியைத் தாண்டியது. காய்ந்ததா என்று பார்க்க மத்தியானம் மாடிக்குப் போன நான் தலை சுற்றிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மைத்துனர் மனைவி பார்த்து இறக்கிக்கொண்டு வந்தாள். எனக்கு 68 வயது, அதை யாரிடமும் சொல்லாமல் மறைத்தேன். குழந்தைகளுக்குத் தெரிந்தால், "எதுக்கும்மா இதெல்லாம், கடையில் வாங்கிக்கலாமே" என்பார்கள். அந்த வார்த்தைக்குத்தான் பயம்.

இங்கே உட்கார்ந்திருக்கும் மாமிகளில் பலரும் இப்படி மறைத்திருப்பீர்கள். ஆகவே ஒரு கோரிக்கை. நாலு வீடாகச் சேர்ந்து, ஒரு வீட்டு மாடியில், ஒரே நாளில் வடாம் இடுவோம். ஏழு மணிக்குள் இறங்கிவிடுவோம். ஜவ்வரிசி ஊறவைப்பது ஒருவர், கிளறுவது இருவர். ஊருக்கு வந்திருக்கும் பிள்ளைகளும் மாப்பிள்ளைகளும் துணி விரிக்கட்டும், தூக்கட்டும். மாடிக்கு வர விருப்பமுள்ளவர்கள் காபி முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். கல்லுப்பு நான் வாங்கி வைத்துவிடுகிறேன்.