ஸ்மார்ட் போர்டும் நாற்பதாம் கவுண்ட் நூலும்



ஸ்காட்லாந்து நாட்டில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்று ஒரு கடற்கரை ஊர். அங்கே இருக்கிற ஒரு பள்ளிக்கூடத்தின் பெயர் மெட்ராஸ் காலேஜ். பெயர்தான் காலேஜ், படிப்பதெல்லாம் நம் மேல்நிலைப்பள்ளிப் பிள்ளைகள் வயதில் உள்ளவர்கள். அந்தக் குளிர் தேசத்தில் நம் சென்னைக்கு என்ன வேலை என்று கேட்டால், பதில் மணலில் இருக்கிறது.

அந்த ஊர்க்காரர் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார். 1789-ல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான பள்ளி ஒன்றுக்குப் பொறுப்பேற்றார். நம்மவர்களின் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலைப் பரப்பி அதில் விரலால் எழுதிப் பழகுவது ஒரு நாள் அவர் கண்ணில் பட்டது. தாளும் மையும் காசு கேட்கும், மணல் கேட்காது. தப்பாக எழுதினால் ஒரு தடவு தடவி மறுபடி எழுதலாம். இதையே நம் பள்ளியிலும் செய்வோம் என்று தன் ஆசிரியர்களிடம் சொன்னார். அவர்களுக்கு மனம் ஒப்பவில்லை. பெல் எட்டு வயதுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு மணலில் எழுத்துச் சொல்லிக்கொடு என்றார். அவன் சொல்லிக்கொடுத்துவிட்டான்! ஊர் திரும்பிய பெல் 1797-ல் லண்டனில் இதைப் புத்தகமாகப் போட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரோடு இங்கிலாந்து முழுக்கப் பரவியது. அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்ததுதான் அந்த மெட்ராஸ் காலேஜ். பிள்ளைக்குப் பிள்ளையே பாடம் சொல்வது நம் திண்ணைப் பள்ளிக்குப் புதிதில்லை. சட்டாம்பிள்ளை என்று ஒருவன் எப்போதும் இருந்தான்.

அந்தக் காலத்து வகுப்பறைத் தொழில்நுட்பம் மணல். அதில் ஓடிய விரல் பிள்ளையின் விரல். இதை மனதில் வைத்துக்கொண்டு இப்போதைய வகுப்பறைக்கு வருவோம்.

கடந்த பதினைந்து ஆண்டுகளில் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்குள் நிறைய கருவிகள் வந்துவிட்டன. 2011-ல் விலையில்லா மடிக்கணினி. 2018-ல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு. 2019-ல் கல்வித் தொலைக்காட்சி. பிறகு ஹைடெக் லேப் என்ற கணினி அறை, 2023-ல் பாடங்களைக் காணொளியாகத் தரும் மணற்கேணி செயலி, இப்போது தொடக்கப்பள்ளி வரைக்கும் ஸ்மார்ட் போர்டு. கொரோனா காலத்தில் இவற்றின் அருமையும் தெரிந்தது, போதாமையும் தெரிந்தது. வீட்டில் இருப்பது ஒரே போன். அப்பா மில் ஷிப்டுக்குக் கிளம்பினால் போனும் கூடவே கிளம்பிவிடும். பிள்ளைக்கு வகுப்பு இரவு பத்து மணிக்குத்தான். அந்த இடைவெளியை அடைக்கத்தான் 2021-ல் இல்லம் தேடிக் கல்வி என்று தன்னார்வலர்களைத் தெருத்தெருவாக அனுப்ப வேண்டியிருந்தது.

கருவிகளால் நன்மை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இதயம் சுருங்கி விரிவதைக் கரும்பலகையில் எவ்வளவு நன்றாக வரைந்தாலும் அது துடிக்காது. மணற்கேணியில் துடிக்கும். ஆனால் பெரும்பாலான வகுப்புகளில் நடப்பது என்ன? ஆசிரியர் படத்தை ஓடவிடுகிறார், பிள்ளைகள் கைகட்டிக்கொண்டு பார்க்கிறார்கள். சினிமாக் கொட்டகையில் உட்கார்ந்த மாதிரிதான். படம் முடிந்ததும் பழையபடி கேள்வி பதில், ஐந்து மதிப்பெண், பத்து மதிப்பெண். நம் விருதுநகர் மாவட்டம் பிளஸ் டூ தேர்ச்சியில் பல ஆண்டுகள் மாநிலத்திலேயே முதலில் நின்ற மாவட்டம். அந்தப் பெருமையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் மதிப்பெண் வாங்கித் தருவதில் உள்ள கெட்டிக்காரத்தனம் வேறு, ஒரு பிள்ளையைத் தானாக ஒன்றை யோசித்துச் செய்யவைப்பது வேறு. இரண்டாவதில் நாம் இன்னும் கைவைக்கவில்லை என்பதுதான் என் எண்ணம்.

எப்படிக் கைவைப்பது? நம் மாவட்டத்து ராஜபாளையத்திலிருந்தே ஒரு கணக்குச் சொல்கிறேன்.

1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா அங்கே நூற்பாலை தொடங்கியதிலிருந்து நூல்தான் அந்த ஊருக்குச் சோறு. பக்கத்தில் சத்திரப்பட்டியில் தறிகளில் பேண்டேஜ் துணி ஓடுகிறது. ‘நாற்பதாம் கவுண்ட்’, ‘அறுபதாம் கவுண்ட்’ என்ற பேச்சு பல வீடுகளில் சாப்பாட்டு நேரத்திலேயே காதில் விழும். கவுண்ட் என்றால் என்ன? 840 கெஜம் நூல் ஒரு சிட்டா. ஒரு பவுண்டு எடை நூலில் எத்தனை சிட்டா வருகிறதோ அதுதான் கவுண்ட். நாற்பதாம் கவுண்ட் என்றால் ஒரு பவுண்டில், அதாவது சுமார் 454 கிராமில், 40 சிட்டா. பெருக்கிப் பாருங்கள்: 33,600 கெஜம், ஏறத்தாழ 31 கிலோமீட்டர். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் 12 கிலோமீட்டர் இருக்கும். அரைக் கிலோவுக்கும் குறைவான நூலைப் பிடித்துக்கொண்டு ஆண்டாள் கோயில் வரை போய்த் திரும்பி வந்தாலும் மிச்சம் இருக்கும்!

ஏழாம் வகுப்புக் கணக்கில் எதிர் விகிதம் என்று ஒரு பாடம் உண்டு. இத்தனை ஆட்கள் இத்தனை நாளில் சுவர் கட்டினால் என்று எங்கேயும் இல்லாத ஆட்களை வைத்து நடத்துவோம். கவுண்ட் ஏற ஏற நூல் மெலியும், எடை குறையும் என்பது அதே எதிர் விகிதம்தான். மில் பரிசோதனைக் கூடத்தில் 120 கெஜம் நூலைச் சுற்றி எடுத்து எடை பார்ப்பார்கள். 64.8-ஐ அந்தக் கிராம் எடையால் வகுத்தால் கவுண்ட் வந்துவிடும். நாற்பதாம் கவுண்ட் நூல் என்றால் எடை 1.62 கிராம். இதற்கு ஒரு மீட்டர் அளவுகோலும், நகைக்கடைத் தராசு மாதிரி ஒரு சின்ன டிஜிட்டல் தராசும் போதும். பிள்ளைகள் குழுகுழுவாகச் சுற்றட்டும், எடை போடட்டும். எண்களை ஹைடெக் லேபில் எக்செல் தாளில் ஏற்றட்டும். வரைபடம் நேர்கோடாக வராமல் வளைந்து இறங்குவதை அவர்களே பார்ப்பார்கள். நம் கணக்குப் புத்தகத்தில் ‘இணையச் செயல்பாடு’ என்ற பக்கத்தில் ஜியோஜீப்ரா மென்பொருளுக்கு வழி கொடுத்திருக்கிறார்கள். அதில் அந்த வளைகோட்டைப் போட்டு ஒப்பிடலாம்.

சுவாரசியம் அதற்கப்புறம்தான். ஐப்பசி மழையில் எடை போட்ட குழுவுக்கு நாற்பதாம் கவுண்ட் நூல் நாற்பதாக வராது, கொஞ்சம் குறைவாகவே காட்டும். பங்குனி வெயிலில் அதே நூல் வேறு எண் சொல்லும். பஞ்சு காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், எடை கூடும் என்பது காரணம். இதை ஆசிரியர் சொல்லவே கூடாது. ‘ஏன் சார் மாறுது?’ என்று ஒரு பிள்ளை கேட்கும் வரை காத்திருக்க வேண்டும். கேட்ட பிள்ளை வீட்டுக்குப் போய், மில்லுக்குள் எதற்கு எப்போதும் ஈரக்காற்று அடிக்கிறார்கள் என்று அப்பாவிடமும் கேட்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தால் தேர் இருக்கிறது. ஆடிப்பூரத்தன்று அவ்வளவு பெரிய தேர் ரத வீதிகளில் முனை திரும்புவதை எல்லோரும் பார்க்கிறோம், கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். சக்கரத்தடியில் முட்டுக்கட்டையைச் சாய்த்துப் போடுகிறவரின் கையை யார் பார்க்கிறார்கள்? கட்டை எந்தக் கோணத்தில் விழுகிறது, எந்தச் சக்கரம் தடைபடுகிறது, எது ஓடுகிறது என்பதைத் தள்ளி நின்று போனில் ஸ்லோ மோஷனில் எடுத்து, மறுநாள் ஸ்மார்ட் போர்டில் போட்டுப் பார்த்தால் உராய்வு பற்றி ஒரு வாரம் பேசலாம். அட்டையில் ஒரு சின்னத் தேர் செய்து அதையே சோதித்தும் பார்க்கலாம். உயிரியலுக்குப் பக்கத்துச் செண்பகத்தோப்புக் காட்டில் சாம்பல் நிற அணில் இருக்கிறது. அதற்காகவே 1988-ல் சரணாலயம் வந்தது, 2021-ல் அந்தக் காடு புலிகள் காப்பகமும் ஆயிற்று. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவா எல்லாக் கடையிலும் இருக்கிறது. பத்து லிட்டர் பாலில் எவ்வளவு கோவா தேறும், மீதி எங்கே போனது என்று கேட்டால் அதுவும் அறிவியல்தான்.

தமிழ் வகுப்புக்கும் சரக்கு உண்டு. கிருஷ்ணதேவராயர் ஆண்டாளைப் பாடிய ஆமுக்தமால்யதா தெலுங்குக் காவியம். அதைத் தமிழில் தந்தவர் ராஜபாளையத்துக்காரர் மு.கு. ஜகந்நாத ராஜா. அவர் 1989-ல் சாகித்ய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசு பெற்றார். ராஜபாளையத்தில் இன்றும் எத்தனையோ வீடுகளில் பேச்சு தெலுங்கில்தான். பாட்டி தெலுங்கில் சொல்லும் கதையைப் போனில் பதிவு செய்து, பேத்தி தமிழில் எழுதிக்கொண்டு வரட்டும். அதைவிட நல்ல கட்டுரைப் பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

‘நான் விரும்பும் தலைவர்’ கட்டுரையை இன்றைக்குச் சாட் ஜிபிடி அரை நிமிடத்தில் எழுதிவிடும், பிள்ளை அப்படியே பார்த்து எழுதிவிடும். அந்தப் பாட்டியின் கதையை அது எழுதாது. சத்திரப்பட்டியில் நம் தெருவில் எத்தனை தறி நின்றுபோனது என்றும் அதற்குத் தெரியாது. செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே என்று பயப்படுகிற ஆசிரியர்கள் முதலில் கட்டுரைத் தலைப்பை மாற்றலாம்.

ஆசிரியர்களிடம் மட்டும் இதைச் சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. வருகைப் பதிவு, நலத்திட்டப் பதிவு, தேர்வுப் பதிவு என்று பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்திலேயே அவர்களுடைய நேரம் கரைகிறது. நூல் சுற்றவைக்க வேண்டிய பாடவேளையில் சர்வர் சுற்றிக்கொண்டிருக்கிறது. இன்னொன்று, கருவியைப் பொருத்தும் உயரம். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் அப்போதைய ஆணையர் எம்.பி. விஜயகுமார் செயல்வழிக் கற்றலைக் கொண்டுவந்தபோது சுவரின் அடிப்பாகத்தில், பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில், கரும்பலகை அமைத்தார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுத அதில் இடம் இருந்தது. விலையுயர்ந்த ஸ்மார்ட் போர்டுகளில் பல, பிள்ளையின் கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டப்பட்டிருக்கின்றன. திட்டம் போடுகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தையாவது கவனிக்கலாம்.

மில்லில் வேலை பார்க்கும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மகளோ மகனோ ‘உங்க மில்லுல என்ன கவுண்ட்டுப்பா ஓடுது?’ என்று கேட்டால், ஷிப்டு முடிந்த அலுப்பிலும் உட்கார்ந்து சொல்லுங்கள். மேலாளரிடம் கேட்டு ஒரு கோன் நூல் பள்ளிக்கு வாங்கிக் கொடுங்கள். தலைமையாசிரியர்களுக்கு ஒன்று: ஹைடெக் லேபின் சாவி உங்கள் மேசையில்தான் இருக்கிறது. சாயங்காலம் ஒரு மணி நேரம் அதைத் திறந்து, பிள்ளைகளை உள்ளே விடுங்கள்.