பிரதேச சபையும் நம்ம தோட்டமும்

(தோட்டச் சனசமூக மண்டபத்தில் மாதர் சங்கம், இளைஞர் கழகம், வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றின் அங்கத்தவர்கள் கூடிய கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்து, வீட்டுக்குப் போய் ஒரு வாய் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் நேரே மண்டபத்துக்கு வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விசயத்துக்கு வருகிறோம். இன்றைக்கு நாங்கள் பேச வந்தது பிரதேச சபையைப் பற்றி. "அது அரசியல் விசயமாச்சே, நலன்புரி ஆட்களுக்கு அதில் என்ன வேலை?" என்று சிலர் கேட்கலாம். எந்தக் கட்சிக்கும் வக்காலத்து வாங்க நாங்கள் வரவில்லை. பாதை, தண்ணி, லைட், வாய்க்கால், குப்பை இவையெல்லாம் நலன்புரி விசயம்தான். இவற்றைச் செய்து தர யாருக்கு அதிகாரம் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வதும் நலன்புரி விசயம்தான்.

நாங்கள் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறோம். மேல் டிவிசனுக்குப் போகிற பாதையில் ஒரு போக்கு இடிந்து விழுந்துவிட்டது. லொறி போகாது, ஆட்டோவும் போகாது. பிள்ளைத்தாச்சி ஒருவரை இரவில் கம்பளியில் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு வந்தார்கள். நல்ல காலம், தாயும் பிள்ளையும் தப்பினார்கள். மறுநாள் தலைவர்மார் ஆபீசுக்குப் போய்ச் சொன்னார்கள். "இதுக்கு எஸ்டிமேட்டில் காசு இல்லை, சபையிடம் கேளுங்கள்" என்றார்கள். சபைக்குப் போனால், "அது தோட்டக் காணி, தோட்டம்தான் செய்ய வேணும்" என்றார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது மாதிரி, நம்ம சனம் நடுவில் நின்றது. இது ஒரு தோட்டத்துக் கதை மட்டும் அல்ல. மலையகத்தில் எத்தனையோ தோட்டங்களில் நடந்த கதை.

ஏன் இப்படி நடந்தது? சபைக்காரர்கள் சாக்குச் சொன்னார்களா? முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. சட்டமே அப்படித்தான் இருந்தது.

சட்டம் எப்படி இருந்தது?

பிரதேச சபைகள் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி உண்டானவை. கிராமத்துப் பாதை, கிணறு, சந்தை, வாய்க்கால், மயானம், வாசிகசாலை, தெருவிளக்கு எல்லாம் அவற்றின் பொறுப்பு. ஆனால் தோட்டம் என்பது துரைமாரின் நிர்வாகத்தில் உள்ள தனிக் காணி என்று கணக்கில் எடுக்கப்பட்டது. அந்தச் சட்டத்தின் 33ஆம் பிரிவு இருந்த விதத்தில், சபையின் பணத்தைத் தோட்டத்துக்குள் தாராளமாகச் செலவிட வழி இருக்கவில்லை. செலவு செய்தால் கணக்காய்வில் கேள்வி வரும் என்று அதிகாரிகள் பயந்தார்கள்.

இதன் வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. நம்ம பாட்டன் பூட்டன்மாரில் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த வருசமே வாக்குரிமையும் போயிற்று. வாக்கு இல்லாதவனுக்குக் கிராமச் சபை எதற்கு, பாதை எதற்கு? எல்லாவற்றுக்கும் துரையையே பார்த்து நிற்க வேண்டியதாயிற்று. 1964 ஒப்பந்தம், 1986, 1988 சட்டங்கள், கடைசியாக 2003ஆம் ஆண்டுச் சட்டம் என்று படிப்படியாகத்தான் அந்தப் பிரச்சினை தீர்ந்தது. பிரஜாவுரிமை கிடைத்தது, வாக்கும் கிடைத்தது. நாம் வாக்குப் போட்டு ஆட்களைச் சபைக்கும் அனுப்பினோம். ஆனால் நம்ம வாக்கில் போன உறுப்பினராலேயே நம்ம லயத்துப் பாதைக்கு ஒரு கூடை கல் போட முடியவில்லை. அந்த விசித்திரம் 2018 வரை இருந்தது.

பாராளுமன்றத்தில் நடந்தது என்ன?

2015 முதல் 2019 வரை இருந்த அரசாங்கத்தில், திரு. பழனி திகாம்பரம் அவர்கள் மலைநாட்டு புதிய கிராமங்கள், உட்கட்டமைப்பு, சமுதாய அபிவிருத்தி அமைச்சராக இருந்தார். 7 பேர்ச் காணியில் தனி வீடு என்ற வேலைத்திட்டம் அந்தக் காலத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். வீட்டைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அதே காலத்தில் நடந்த மூன்று காரியங்களைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

முதலாவது, சபைகளின் எண்ணிக்கை. நுவரெலியா மாவட்டத்தில் அம்பகமுவ, நுவரெலியா என்ற இரண்டு பிரதேச சபைகளிலும் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 2 இலட்சம் சனம் இருந்தது. நாட்டின் வேறு பகுதிகளில் சில பத்தாயிரம் பேருக்கு ஒரு சபை இருந்தது. இந்த இரண்டும் ஆறாகப் பிரிக்கப்பட்டன. அம்பகமுவ, மஸ்கெலியா, நோர்வூட் என்று மூன்று. நுவரெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று மூன்று. 2018 பெப்ரவரி 10ஆம் திகதித் தேர்தல் இந்தப் புதிய சபைகளுக்கும் சேர்த்தே நடந்தது.

இரண்டாவது, நாம் மேலே சொன்ன 33ஆம் பிரிவு. பிரதேச சபைச் சட்டத்தைத் திருத்துவது மாகாண சபைகள், உள்ளூராட்சி அமைச்சின் வேலை. அப்போது அந்த அமைச்சராக இருந்தவர் திரு. பைசர் முஸ்தபா. மலையக அமைச்சரும், உறுப்பினர்களும் வற்புறுத்தி, 2018இல் திருத்தம் நிறைவேறியது. தோட்ட நிர்வாகத்தோடு கலந்து பேசி, தோட்டத்தில் குடியிருக்கும் மக்களுக்குப் பாதை, கிணறு, மற்றும் தேவையான பொது வசதிகளைச் சபை செய்து கொடுக்கலாம் என்று சட்டம் மாறிற்று.

மூன்றாவது, பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபையை அமைக்கும் சட்டம். அதுவும் 2018இல்தான் நிறைவேறியது.

ஒரு சட்டமூலம் வர்த்தமானியில் வந்து, பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டு, இரண்டாம் வாசிப்பு விவாதம் முடிந்து, குழுநிலையில் வசனம் வசனமாகப் பார்க்கப்பட்டு, மூன்றாம் வாசிப்பும் முடிந்து, சபாநாயகர் கையொப்பம் வைத்த பிறகுதான் சட்டம் ஆகிறது. மேடையில் பேசுவது சுலபம். இந்தப் படிகளையெல்லாம் ஏறி முடிப்பதுதான் கஷ்டம். அதைச் செய்தவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் அந்த வேலைக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். இனி வருகிறவர்களிடமும் "பாராளுமன்றத்தில் எந்தச் சட்டத்தைக் கொண்டு வந்தீர்கள்?" என்று கேட்கிற பழக்கம் நமக்கு வர வேண்டும்.

'செய்யலாம்' வேறு, 'செய்ய வேண்டும்' வேறு

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்திருக்கிறோம். கவனமாகக் கேளுங்கள். புதிய சட்டம் சபையைப் பார்த்து "செய்யலாம்" என்றுதான் சொல்கிறது. "செய்தே ஆக வேண்டும்" என்று சொல்லவில்லை. கதவு திறந்திருக்கிறது, அவ்வளவுதான். உள்ளே போய்க் கேட்கிறவன் நாமாக இருக்க வேண்டும். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

இன்னொன்று, "தோட்ட நிர்வாகத்தோடு கலந்து பேசி" என்று இருக்கிறது. காணி அரசாங்கத்துடையது, கம்பெனிகள் அதை நீண்ட காலக் குத்தகைக்கு எடுத்து நடத்துகின்றன. ஆகவே துரையிடம் சண்டை போட்டுவிட்டுச் சபைக்குப் போனால் காரியம் நடக்காது. தலைவர்மாரும் மாதர் சங்கமும் சேர்ந்து போய், மரியாதையாகப் பேசி, "இந்தப் பாதையைச் சபை திருத்துவதில் ஆட்சேபனை இல்லை" என்று ஒரு கடிதம் வாங்குங்கள். பாதை நன்றாக இருந்தால் கொழுந்து லொறிக்கும் நல்லதுதான். அதை எடுத்துச் சொன்னால் எந்தத் துரையும் யோசிப்பார்.

யாரிடம் எதைக் கேட்பது?

நம்ம சனம் அடிக்கடி குழம்புகிற ஒரு விசயம் உண்டு. பிரதேச சபை வேறு, பிரதேச செயலகம் வேறு. பிரதேச செயலகம் அரசாங்க உத்தியோகத்தர்கள் இருக்கும் கந்தோர். காணி, அஸ்வெசும, சான்றிதழ் போன்றவற்றுக்கு அங்கே போக வேண்டும். கிராம உத்தியோகத்தர் அந்தப் பக்கத்து ஆள். பிரதேச சபை நாம் வாக்குப் போட்டுத் தெரிவு செய்த உறுப்பினர்களின் சபை. அதற்குத் தவிசாளர் இருக்கிறார்.

பாதையிலும் பிரிவு உண்டு. ஏ, பீ வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. சீ, டீ வகுப்பு வீதிகள் மாகாணத்துக்கு. அதற்குக் கீழே உள்ள சிறு பாதைகள்தான் பிரதேச சபைக்கு. தப்பான கதவைத் தட்டினால் செருப்புத் தேயுமே தவிர வேலை நடக்காது.

நாம் என்ன செய்ய வேணும்?

1. முதலில் தோட்டத்துக்குள் ஒரு கூட்டம் வைத்து, எது அவசரம் என்று ஒரு முடிவுக்கு வாருங்கள். பத்து விசயம் கேட்டால் ஒன்றும் கிடைக்காது. ஒன்றோ இரண்டோ கேளுங்கள்.

2. மனுவைத் தமிழிலேயே எழுதுங்கள். தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பில் இருக்கிறது. பாதை எவ்வளவு நீளம், எத்தனை குடும்பம், எத்தனை பள்ளிக்கூடப் பிள்ளைகள், பிள்ளை மடுவம், டிஸ்பென்சரி எங்கே என்று கணக்கோடு எழுதுங்கள். "எங்கள் பாதை மோசம்" என்று மட்டும் எழுதினால் யாருக்கும் விளங்காது. படம் இருந்தால் சேருங்கள். இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறதே.

3. துரையின் கடிதத்தையும் சேர்த்துச் சபையில் கொடுங்கள். பிரதியில் திகதி முத்திரை வாங்க மறக்காதீர்கள். முத்திரை இல்லாத கடிதம் கிணற்றில் போட்ட கல்.

4. நேரம் முக்கியம். சபையின் வரவு செலவுத் திட்டம் ஜனவரி முதல் டிசம்பர் வரைக்கானது. அடுத்த வருசத்துக்கான கணக்கை வருசக் கடைசியில் நிறைவேற்றுவார்கள். ஆகவே ஆகஸ்ட், செப்டம்பரிலேயே மனு போய்ச் சேர வேணும். டிசம்பரில் போனால், "காசு ஒதுக்கியாயிற்று" என்பார்கள்.

5. உங்கள் வட்டார உறுப்பினரைப் பிடியுங்கள். பெண் உறுப்பினர்களையும் பிடியுங்கள். 2016இல் வந்த சட்டத்தின்படி உள்ளூராட்சி சபைகளில் 25 வீதம் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. தண்ணி தூக்குகிற கஷ்டம் பெண்ணுக்குத்தான் தெரியும். சபைக் கூட்டத்தைப் பொதுமக்கள் போய்ப் பார்க்கவும் முடியும். நாலு பேர் போய்ப் பின்னால் உட்கார்ந்திருந்தாலே பேச்சு மாறும்.

6. பதில் வராவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். சபையில் தகவல் உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார். "எங்கள் மனுவுக்கு என்ன நடந்தது? இந்த வருசம் தோட்டங்களுக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள்?" என்று எழுதிக் கேளுங்கள். தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். ஏன் கேட்கிறாய் என்று உங்களைக் கேட்க முடியாது.

"சபைக்கு ஏது காசு?" என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. சபைக்கு மதிப்பீட்டு வரி, ஏக்கர் வரி, கடை லைசன்ஸ் கட்டணம், முத்திரைத் தீர்வையில் பங்கு, நீதிமன்றக் குற்றப்பணம் என்று வருமானம் உண்டு. நம்ம பக்கத்துச் சபைகள் பணக்காரச் சபைகள் அல்ல, உண்மைதான். ஆனால் பயிர்க் காணிக்கு ஏக்கர் வரி விதிக்கச் சட்டம் இருக்கிறது. நம்ம உழைப்பில் வளர்ந்த தேயிலைக் காணியும் அந்தக் கணக்கில் வருகிறது என்பதை மறக்காதீர்கள். ஆகவே நாம் பிச்சை கேட்கவில்லை, பங்கு கேட்கிறோம்.

2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, இரண்டு வருசத்துக்கு மேல் தெரிவான உறுப்பினர் இல்லாமல் அதிகாரிகளே நடத்தினார்கள். 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடந்து, மறுபடி உறுப்பினர்கள் வந்தார்கள். அதே வருசம் நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி மழையில் மலையகத்தில் மண்சரிவும் வெள்ளமும் வந்ததை நாம் எல்லோரும் கண்டோம். பாதை இல்லாத லயத்துக்கு உதவி எவ்வளவு பிந்தி வரும் என்பதை யாரும் நமக்குப் படிப்பிக்கத் தேவையில்லை. அடைபட்ட வாய்க்காலும் உடைந்த போக்கும் மழை வந்தால் உயிர்ப் பிரச்சினை.

வயதான ஐயா ஒருவர் எங்களிடம், "எங்கள் காலத்தில் பெரட்டில் நின்று துரையிடம் மட்டும்தான் கேட்டோம்" என்று சொன்னார். அன்றைக்கு வேறு வழி இல்லை. இன்றைக்கு உங்கள் கையில் வாக்கும் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. வாக்கை நாலு வருசத்துக்கு ஒரு தடவை போடுகிறோம். சட்டத்தை ஒவ்வொரு நாளும் பயன்படுத்தலாம்.

மனு எழுதத் தெரியவில்லை என்றால் வெட்கப்பட வேண்டாம். ஓ.எல், ஏ.எல் படித்த பிள்ளைகள் ஒவ்வொரு லயத்திலும் இருக்கிறார்கள். அவர்களை எழுதச் சொல்லுங்கள், அவர்களுக்கும் பழக்கம் வரும். நாங்களும் கூட இருந்து உதவி செய்கிறோம். இந்த மாதம் முடிவதற்குள் ஒவ்வொரு டிவிசனிலும் ஒரு கூட்டம் வைத்து, அவசரமான ஒரு வேலையைத் தெரிவு செய்து எங்களுக்கு அறிவியுங்கள்.