தென்னையின் பெயரால் ஒரு செம்பனைத் தோட்டம்



கோல சிலாங்கூர் மாவட்டத்தில், சிலாங்கூர் ஆற்றையொட்டி, 2007ஆம் ஆண்டு வரை பத்தாங் பெர்ஜுந்தை என வழங்கிய பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகே அமைந்தது தென்னமரம் தோட்டம்.

பெயரோ தென்னையால், புகழோ செம்பனையால். மேற்கு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட செம்பனை, இந்நாட்டில் வாணிப நோக்கில் முதன்முதலாகப் பயிரிடப்பட்டது 1917ஆம் ஆண்டு, இத்தோட்டத்தில்தான். நலிவுற்ற காப்பிப் பயிருக்கு மாற்றாக அது வந்தது. பயிரிடச் செய்தவர் ஆன்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். ‘மலேசி’ என்னும் நாவலுக்காக 1930ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் கொன்கூர் பரிசைப் பெற்றவரும் இவரே.

அன்பர்களே! அவர் பெயரை நூல்கள் கூறுகின்றன. ஆயின், கங்காணிகளோடு கப்பலேறி வந்து சிலாங்கூர்த் தோட்டங்களில் உழைத்த நம் முன்னோரின் பெயர்களை எந்நூலில் தேடுவது? அவர்தம் மொழி இம்மண்ணில் வேரூன்றியதற்குத் ‘தென்னமரம்’ என்னும் சொல்லே சான்றாய் நிற்கிறது.

தோட்டங்களை விட்டு நகரங்களுக்குப் பெயர்ந்த குடும்பங்கள் பல. அவர்களும் ஒன்றுகூடும் திருநாள் இது. பாட்டன் பூட்டன் பெயர்களையும் அவர்கள் புறப்பட்ட ஊர்களையும் மூத்தோரிடம் கேட்டு, இன்றே எழுதி வையுங்கள். அதுவும் ஒரு வழிபாடே.

இறையருள் துணை நிற்பதாக.