டி.சி. வாங்காதீங்க

தோழர்களே, பள்ளிக்கூடத்துல நம்ம புள்ளைய சாதி சொல்லி அடிச்சாங்கன்னு பெத்தவங்க போய் நின்னா, தலைமையாசிரியர் முதலில் நீட்டுவது டி.சி.யைத்தான். 'புள்ள நல்லதுக்குச் சொல்றேன், வேற ஸ்கூல்ல சேத்துருங்கம்மா.' அடித்தவன் அதே பெஞ்சில் இருப்பான், அடிபட்டவன் வெளியேறணும். இதுக்குப் பேரு சமாதானமாம்.

வாங்காதீங்கன்னு சொல்றேன். அன்னைக்கே எழுதி வையுங்க: தேதி, சொன்ன வார்த்தை, பக்கத்தில் இருந்தவர்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சாதிப்பெயர் சொல்லித் திட்டியது பொதுப்பார்வையில் நடந்ததா என்று கேட்பார்கள். சாட்சி இல்லைன்னா வழக்கு நிக்காது. மனு கொடுத்து, நகலில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கணும். மறுத்தால் ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்க, முதன்மைக் கல்வி அலுவலருக்கும் ஒரு பிரதி.

திட்டியது ஆசிரியர் என்றால் காவல் நிலையம்தான். 'விசாரிச்சுட்டுப் பதியறோம்' என்பார்கள். முதல் தகவல் அறிக்கைக்கு முன்விசாரணை தேவையில்லை என்கிறது 2018இல் சேர்த்த 18ஏ பிரிவு. அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துப் பையில் வைத்திருங்க. செய்தவன் 18 வயசுக்குள்ள பையன் என்றால் இளைஞர் நீதிக் குழுமம். அவனை ஜெயிலுக்கு அனுப்புறது நம்ம நோக்கமும் இல்லை.

ஆனா 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் என்ன நடந்தது? பள்ளியில் புகார் சொன்ன மாணவனை, உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள், தடுத்த தங்கச்சியையும். அதனால மனுவிலேயே 15ஏ பிரிவின்படி பாதுகாப்பு கேளுங்க. போலீசு வரும்வரை அந்த வீட்டுத் திண்ணையில் ராத்திரி நம்ம ஆளுங்க நாலு பேர் படுக்கணும்.